“கருத்து வேறுபாடு” என்று எழுதினால் கையெழுத்திடாதீர்கள்

ஏழு ஆண்டு மணவாழ்வில் அவர் என்னை ஒருமுறைகூட அடித்ததில்லை. புகார் கொடுக்கப் போன இடத்தில் அதுவே எனக்குத் தடையாக வந்து நின்றது. கருங்கலில் ரப்பர் ஷீட் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். என் ஏ.டி.எம். அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பேருந்துச் சில்லறைக்கும் கணக்குக் கேட்டு, “உனக்கு எண்ணவே தெரியாது” என்று பிள்ளையின் முன்னால் நாள்தோறும் சொன்னதில், கடையிலும் ஒரே தொகையை மூன்று முறை கூட்டிப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

முதலில் போன காவல் நிலையத்தில், “அடிச்சானா?” என்ற ஒரே கேள்விதான். இல்லை என்றதும், “கணவன் மனைவிக்கிடையே கருத்து வேறுபாடு” என்று எழுதி நீட்டினார்கள். நானும் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய அதே பழக்கத்தில் அங்கும் கையெழுத்திட்டேன் என்பது வீடு வந்த பிறகுதான் உறைத்தது. அன்றிரவு முழுக்க அழுதேன்.

181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசிய பிறகே வழி தெரிந்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. இழிவாகப் பேசுவதும், சம்பளத்தைப் பறிப்பதும் அதில் அடங்கும். வாய்மொழியாகச் சொன்னாலும், இதற்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் எழுதிக்கொண்டு, நகலை இலவசமாகத் தர வேண்டும். வழக்கறிஞருக்கும் செலவில்லை, பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

திருமணச் சான்று கணவர் வீட்டில் இருந்ததால் நாகர்கோவிலுக்கு ஒரு பயணம் வீணாயிற்று. பங்குக் கோயிலில் கேட்டதும் திருமணப் பதிவேட்டின் நகலை எடுத்துத் தந்தார்கள். திருப்பிக் கேட்கும் நகைக்கு ரசீது இல்லாதவர்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் போங்கள். என் கழுத்திலும் காதிலும் கிடந்ததை அதைப் பார்த்துத்தான் பட்டியலிட்டோம்.

ஆலோசகர் அக்கா, என் கணவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவரச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதினேன். “மக்களே, சத்தமா வாசி” என்றார். வாசித்தபோதுதான், பத்திக்குப் பத்தி “என் மேலும் தப்பு இருக்கலாம்” என்று நானே முடித்திருந்தது என் காதில் விழுந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் பேனாவை நீட்டினார். ஒவ்வொன்றாக அடித்தேன், பதினொன்று இருந்தன.

தட்டச்சு செய்து வந்த அறிக்கையிலும் எப்படியோ அதே “கருத்து வேறுபாடு” நுழைந்திருந்தது. மாற்றினால்தான் கையெழுத்து என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன். “வாய்மொழி மற்றும் பொருளாதார வன்முறை” என்று திருத்தி வந்தது.

அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தா மேல் வாய்தாவாக இழுத்தது. நீதிமன்ற ஆணையும் ஒருவழியாக வந்தது.

நகைகளைத் திருப்பித் தந்த அன்று, அலுவலர் முன்னிலையிலேயே அவர், “எண்ணிக்கோ, உனக்குத்தான் எண்ணத் தெரியாதே” என்றார். பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒருமுறை எண்ணினேன். ஒரு ஜோடிக் கம்மல் குறைந்தது. “வரவில்லை” என்று அதன் எதிரே எழுதச் செய்த பிறகே கையெழுத்திட்டேன்.