கோடு போடும் வேலை

கலிபோர்னியாவில் அரசு வேலையில் சேருகிற யாரும், நூலகரோ, சாலைப் பணியாளரோ, என்னைப் போல வரைபட மென்பொருளோடு மல்லுக்கட்டுபவரோ, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பேரிடர் வந்தால் நீங்களும் பேரிடர்ப் பணியாளர், சொன்ன இடத்துக்குப் போய்ச் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். காப்பீட்டுப் படிவங்களுக்கும் ஓய்வூதியப் படிவங்களுக்கும் நடுவே வருவதால் பலர் அதைப் படிப்பதில்லை.

நான் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவின் ஒரு கவுண்டியில் ஜிஐஎஸ், அதாவது கணினி வரைபடப் பிரிவில் இருக்கிறேன். வரி போடுவதற்கான மனை எல்லைகள், மழைநீர் வடிகால்கள், வேலியோர மரம் யாருடையது என்ற தகராறுகள், இவைதான் அன்றாடப் பிழைப்பு. 2019 அக்டோபரில் வடக்கே சோனோமா கவுண்டியில் கின்கேட் தீ பற்றியபோது, கவுண்டிகள் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்பி உதவும் ஏற்பாட்டின்படி அங்கிருந்த அவசரகால மையத்தின் வரைபட மேசைக்கு என்னை அனுப்பினார்கள்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம். ஆனால் ஆட்சியர் என்று ஒருவர் கிடையாது. வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மேற்பார்வையாளர்கள் நிர்வாகத்தைப் பார்ப்பார்கள். கவுண்டி போலீஸின் தலைவரான ஷெரிஃபும் தேர்தலில் ஜெயித்து வருபவர்தான். தீயை அணைப்பது பெரும்பாலும் மாநிலத்தின் கால் ஃபயர் துறை. தொலைக்காட்சியில் தெரிகிற ஹெலிகாப்டர், தீயைத் தடுக்கும் செந்நிறக் கலவையைக் கொட்டும் விமானம், வண்டி வண்டியாக வீரர்கள், எல்லாம் அவர்கள் கணக்கு. கவுண்டிக்கு மிச்சமெல்லாம். யார் வெளியேற வேண்டும், எந்தச் சாலை வழியாக, எங்கே படுப்பார்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எங்கே போவார்கள், முதியோர் இல்லங்களுக்குப் பேருந்து யார் தருவது, குதிரைகளை எங்கே கட்டுவது. இவ்வளவுக்கும் விடை ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண அலுவலர்களிடமிருந்து வர வேண்டும்.

அந்த அறையில் சட்டைக்கு மேல் ஆளுக்கொரு நிறத்தில் கையில்லாத வெஸ்ட் மாட்டியிருப்பார்கள். முதுகில் பெயர் இருக்காது, பொறுப்பு இருக்கும்: நிர்வாகம், செயல்பாடு, திட்டம், தளவாடம், நிதி. 12 மணி நேர ஷிப்ட். முடியும்போது என்ன செய்தோம் என்று படிவத்தில் எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சடங்கு போல இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. 1970இல் தென் கலிபோர்னியாவில் இரண்டு வாரத்துக்குள் 16 பேரைக் கொன்ற தீக்களின்போது, உதவிக்கு வந்த துறைகள் ஒன்று சொன்னது இன்னொன்றுக்குப் புரியவில்லை. அதிலிருந்துதான் பொதுவான பதவிப் பெயர்களும் பொதுவான படிவங்களும் பிறந்தன. 1991இல் ஓக்லாந்து மலையில் 25 பேர் இறந்த தீயில், வெளியூர் தீயணைப்பு வண்டிகளின் குழாய்கள் ஓக்லாந்தின் குழாய்முனைகளில் பொருந்தவில்லை. இங்கே 3 அங்குலம், மற்ற ஊர்களில் இரண்டரை. அதற்குப் பிறகு இந்த முறையை மாநிலம் முழுவதற்கும் சட்டமாக்கினார்கள். வேறு கவுண்டியிலிருந்து போன நான், வெஸ்ட்டை மாட்டியதும் யாரிடம் கேட்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று தேடாமல் உட்கார முடிந்ததே, அது அந்தச் சட்டத்தின் உபயம்.

சோனோமாக்காரர்கள் 2019 தீயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு 2017க்குத்தான் போகும். 2017 அக்டோபர் 8 இரவு பத்து மணிக்குச் சற்று முன், பக்கத்து நாபா கவுண்டியில் காலிஸ்டோகா அருகே டப்ஸ் தீ கிளம்பியது. நள்ளிரவு தாண்டிச் சில மணி நேரத்துக்குள் மலையிறங்கி சாண்டா ரோசா நகருக்குள் நுழைந்து, 101 நெடுஞ்சாலையின் ஆறு தடங்களையும் தாண்டி, காஃபி பார்க் என்ற சமவெளிக் குடியிருப்பைச் சாம்பலாக்கியது. 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். 5,600க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. 1964இல் ஹான்லி தீ ஏறக்குறைய இதே வழியில்தான் வந்திருந்தது. அப்போது அந்தச் சரிவுகளில் வீடுகள் குறைவு. பிறகு ஃபவுண்டன்குரோவ் என்று அழகாகக் கட்டி விற்றார்கள். காற்று தன் பழைய பாதையை மறக்கவில்லை.

அன்றிரவு, ஒரு பகுதியில் உள்ள எல்லாக் கைப்பேசிகளையும் அலற வைக்கும் அவசர எச்சரிக்கையை கவுண்டி அனுப்பவில்லை. பதிவு செய்தவர்களுக்குக் குறுஞ்செய்தியும் சில பகுதிகளுக்குத் தொலைபேசி அழைப்பும் மட்டுமே போயின. காரணம் சொன்னார்கள்: அந்த எச்சரிக்கை தேவையில்லாத இடங்களுக்கும் போய்விடும், மக்கள் பீதியடைந்து சாலையில் இறங்கினால் தீயணைப்பு வண்டிகள் மாட்டிக்கொள்ளும். மறு ஆண்டு மாநிலத்தின் ஆய்வு கவுண்டியின் எச்சரிக்கை முறையைக் கடுமையாகக் குறை சொன்னது. எனக்கு அந்தக் காரணம் முட்டாள்தனமாகப் படவில்லை. அப்போதைய தொழில்நுட்பத்தில் அது நிஜமான பயம். ஆனால் பீதியைப் பற்றிய நம் கணக்கு எப்போதுமே அதிகாரிகளின் கணக்கு. தகவல் கிடைத்த மக்கள் பெரும்பாலும் நாயையும் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு ஒழுங்காக வரிசையில் போகிறார்கள். தகவல் கிடைக்காதவர்களுக்குத்தான் பீதி.

கின்கேட் தீ 23ஆம் தேதி இரவு, கீசர்ஸ் என்ற நிலவெப்ப மின்நிலையப் பகுதியில் தொடங்கியது. 2017க்குப் பிறகு மலையுச்சிகளில் வைத்த கேமராக்களில் ஒன்று அதன் முதல் வெளிச்சத்தைப் பிடித்துவிட்டது. முதலில் கைசர்வில் என்ற சிற்றூர் காலியானது. நான் போய்ச் சேர்ந்தபோது அறையில் எல்லோரும் தீயைவிடச் சனிக்கிழமை இரவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று வரப்போகிறது, மேடுகளில் மணிக்கு 80, 90 மைல் வேகம் தொடலாம் என்று வானிலைத் துறை சொல்லியிருந்தது. கடைசியில் 90ஐயும் தாண்டியது. அதாவது 145 கிலோமீட்டருக்கு மேல். நம் கடலோர ஊர்களில் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பார்த்துப் பழகிப்போவது போல இங்கே, தீ வேகமாகப் பரவும் வானிலைக்கு விடுக்கும் செங்கொடி எச்சரிக்கைக்கும் மக்கள் பழகியிருந்தார்கள். அந்த முறை யாரும் அதை அலட்சியமாகப் பேசவில்லை.

வெளியேற்ற எல்லை வரைவது என்றால் தீயைச் சுற்றி வட்டம் போடுவது என்று பலர் நினைப்பார்கள். தீ இருக்கும் இடம் அதில் ஒரு சிறு பகுதிதான். கோடு சாலை மேல் போக வேண்டும், இல்லையென்றால் ஆற்றின் மேல். மலையின் சம உயரக் கோட்டில் எல்லை போட்டால் வீட்டுக்காரருக்கு என்ன புரியும்? முச்சந்தியில் நிற்கும் ஷெரிஃப் ஆளுக்குத் தான் யாரைத் தடுக்க வேண்டும், யாரை விட வேண்டும் என்று தெரிய வேண்டும். ஒரே தெருவின் இடப்பக்கம் உள்ளே, வலப்பக்கம் வெளியே என்று ஆகிவிட்டால் தொலைந்தது. ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரே ஒரு சாலைதான் என்றால், அதன் வாயிலில் ஆபத்து வரும் முன்பே உள்ளே கடைசி வீடு வரை காலியாக வேண்டும். இரவில் விமானம் அகச்சிவப்புக் கருவியால் எடுத்த தீ எல்லை அதிகாலையில் வரும். வரும்போதே அது பழசு. பொதுமக்களோ செயற்கைக்கோள் காட்டும் சிவப்புப் புள்ளிகளை இணையத்தில் பார்த்துவிட்டு, என் வீட்டின் மேலேயே புள்ளி இருக்கிறதே என்று கூப்பிடுவார்கள். ஒரு புள்ளி என்பது சில நூறு மீட்டர் அகலச் சதுரம் என்று தொலைபேசியில் விளக்குவது லேசான காரியமில்லை.

சனிக்கிழமை காலை ஹீல்ட்ஸ்பர்க், வின்ட்சர் இரண்டு ஊர்களுக்கும் வெளியேற்ற உத்தரவு போனது. மாலை நாலு மணிக்குள் கிளம்ப வேண்டும். வானம் தெளிவாக இருந்தது. தீ அந்த ஊர்களிலிருந்து தள்ளித்தான் இருந்தது. ஞாயிறு விடிவதற்குள் எல்லை மேற்கே நகர்ந்து, செபஸ்டபோல் தாண்டி, போடேகா பே என்ற மீன்பிடி ஊர் வரை, பசிபிக் கடற்கரை வரை போய்விட்டது. மொத்தம் 1,80,000க்கு மேற்பட்டவர்கள். கவுண்டியின் மக்கள்தொகையே 5 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடலை எல்லையாக வைத்து ஒரு வெளியேற்ற வரைபடத்தைத் திரையில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பக்கத்து மேசைப் பெண்மணி, பல வருடமாக அங்கே நிலப் பதிவுத் துறையில் இருப்பவர், திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “101ஐத் தாண்டிவிட்டால் அப்புறம் கடல் வரை தடுக்க ஒன்றுமே இல்லை, காடும் புதரும்தான்,” என்றார். 2017இல் அது 101ஐத் தாண்டியதைப் பார்த்தவர். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எச்சரிக்கை வாசகம் எழுதுவது வேறொரு குழுவின் வேலை. அவர்கள் எங்களிடம்தான் ஓடி வருவார்கள், சாலைப் பெயர்களுக்காக. கைப்பேசி எச்சரிக்கையில் முன்பு 90 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுதான் புதுக் கைப்பேசிகளுக்கு 360 ஆக்கினார்கள். 360இல் கூட எந்த ஊர், எந்தப் பக்கம், எப்போது என்று சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டும். தெருத்தெருவாக ஷெரிஃப் வண்டிகள் ஏறி இறங்கும் இரட்டைச் சுரச் சைரனை ஒலித்துக்கொண்டு போயின. 2017க்குப் பிறகு கொண்டுவந்தது அது. அந்த ஒலி கேட்டால் வெளியேறு, வேறு எதற்கும் அதைப் பயன்படுத்த மாட்டோம் என்று முன்கூட்டியே ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். செல்போன் இல்லாத தாத்தாவுக்கும் அது கேட்கும்.

இதெல்லாம் நடக்கும்போது கரண்ட் இல்லை. காற்றில் மின்கம்பிகள் தீ மூட்டிவிடும் என்று மின் நிறுவனம் வட கலிபோர்னியாவில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளைத் துண்டித்திருந்தது. மின்சாரம் போனால் கிணற்று மோட்டார் ஓடாது, கைப்பேசிக் கோபுரம் பேட்டரி தீர்ந்து சாயும். தெற்கே மாரின் கவுண்டியில் ஒரு கட்டத்தில் 57 சதவீதக் கோபுரங்கள் செயலிழந்திருந்தன. கோபுரம் இல்லாத இடத்துக்கு எத்தனை எழுத்து அனுப்பி என்ன பயன்? கராஜ் கதவுகூட ஒரு பிரச்சினை. 2017இல் மின்சாரம் போய்க் கதவைத் திறக்க முடியாமல் வண்டியோடு உள்ளே மாட்டிக்கொண்ட முதியவர்கள் இருந்தார்கள். இப்போது புதிதாகப் பொருத்தும் கராஜ் மோட்டாருக்கு பேட்டரி கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது. பேரிடர்ச் சட்டங்களைப் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் கீழே யாரோ ஒருவர் இறந்திருப்பார் என்று அந்த அறையில் ஒருவர் சொன்னார். மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

சோனோமா மக்களில் நான்கில் ஒருவருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். திராட்சைத் தோட்டங்களும் விடுதிகளும் அவர்கள் உழைப்பில் ஓடுகின்றன. ஸ்பானிஷ் பேசுபவர்கள் மட்டுமல்ல, மெக்சிகோவின் மலைக்கிராமங்களிலிருந்து வந்து மிஷ்டெக், திரிகி மொழிகள் பேசுபவர்களும் உண்டு. 2017இல் அவர்களுக்கு உண்மையில் கை கொடுத்தது 1973 முதல் ஒலிபரப்பும் கேபிபிஎஃப் என்ற சிறிய இருமொழி வானொலி. 2019இல் முகாம்களில் ஸ்பானிஷ் பேசும் பணியாளர்கள் இருந்தார்கள், அறிவிப்புகள் இரு மொழியிலும் போயின. இருந்தாலும் சிலர் முகாமுக்கு வராமல் வண்டியிலேயே படுத்தார்கள். சீருடை போட்டவர் யாராக இருந்தாலும் குடியுரிமைக் காகிதம் கேட்பார் என்ற பயம். ஒரு வாரம் வேலை இல்லை என்றால் வாடகை இல்லை என்பது வேறு. விடுதி அறைக்குக் காப்பீட்டில் பணம் வாங்கக்கூடியவருக்கும் இவர்களுக்கும் நாங்கள் வரைவது ஒரே கோடுதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை ஒன்றல்ல. வெளியேற்ற எல்லையை அகலமாகப் போட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அப்படிப் போடுகிற அரசு, அந்த வாரக் கூலிக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். அதற்கென்று அந்த அறையில் ஒரு வெஸ்ட் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தீ வின்ட்சரின் ஓரத்தைத் தொட்டது. ஊர் காலியாக இருந்ததால் தீயணைப்பு வண்டிகள் தெருவுக்குத் தெரு தடையின்றிப் போய் வீட்டுக்கு வீடு நின்று தடுத்தன. கின்கேட் தீ நவம்பர் 6 அன்று முழுக்கக் கட்டுக்குள் வந்தபோது 77,758 ஏக்கர் எரிந்திருந்தது, 374 கட்டடங்கள் அழிந்திருந்தன. ஒருவரும் இறக்கவில்லை.

அதற்கு முன்பே திட்டு ஆரம்பித்துவிட்டது. போடேகா பேக்காரர் கேட்டார்: தீ எங்கேயோ இருந்தது, என்னை ஏன் விரட்டினீர்கள்? குளிர்பதனப் பெட்டியில் இருந்ததெல்லாம் அழுகிவிட்டது, விடுதிக்கு இவ்வளவு செலவு. பதில் சொல்லும் பொறுப்பு எனக்கில்லை, ஆனால் பக்கத்தில் தொலைபேசி எடுத்தவர்களின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நடக்காமல் போன ஒன்றைக் காட்டி யாரையும் நம்ப வைக்க முடியாது. எரிந்த வீட்டுக்குப் படம் உண்டு. எரியாமல் போன செபஸ்டபோலுக்குப் படம் ஏது?

மக்களைத் திரும்ப அனுமதிப்பது வெளியேற்றுவதைவிடப் பொறுமையான வேலை. மின்கம்பம் சாய்ந்திருக்கிறதா, எரிவாயுக் குழாய் கசிகிறதா, வேர் எரிந்த மரங்கள் சாலையில் விழுமா என்று ஒவ்வொரு துறையும் தன் பங்குக்குச் சரி சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஒவ்வொரு மண்டலமாக நிறம் மாற்றுவோம், சிவப்பிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து வெறும் வரைபடம். நடுவே பால் பண்ணைக்காரர்கள் வருவார்கள். மாடு வெளியேற்ற உத்தரவைப் படிக்காது, கறந்தாக வேண்டும். அவர்களுக்குத் தனி அனுமதி, தனிப் பட்டியல், தடுப்பில் நிற்பவர்களுக்கு அதன் நகல்.

சோனோமா பிறகு கவுண்டி முழுவதையும் நிலையான மண்டலங்களாகப் பிரித்து, அவரவர் மண்டல எண்ணை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளச் சொன்னது. நானும் ஊர் திரும்பியபின் எங்கள் கவுண்டியில் அதே வேலையில் இறங்கினேன். ஒரு தெருவை இரண்டு மண்டலமாக வெட்டியிருந்தோம். அந்தத் தெருவாசிகள் கூட்டத்துக்கு வந்து, பின்பக்கச் சாலை மழைக்காலத்தில் மூடியிருக்கும், நாங்கள் எல்லோரும் ஒரே வழியாகத்தான் வெளியேற முடியும் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம், கோட்டை மாற்றினோம். இன்னொரு குடியிருப்பில் கேள்வியே வேறு: மண்டல எண் கொடுத்தால் வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம் ஏறிவிடுமா? அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, காப்பீட்டு நிறுவனங்களிடம் அவர்களுக்கென்று தனி வரைபடம் இருக்கிறது என்று சொன்னோம். பாதிப் பேர் நம்பவில்லை. அவர்களுக்காக அடுத்த மாதம் இன்னொரு கூட்டம் போட்டிருக்கிறோம்.