ஐஸ் பெட்டி, ஆட்டு ரத்தம், மூன்றாவது ஜெல்

எம்.எஸ்ஸி மைக்ரோபயாலஜி கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு நான் எடுத்தது, கர்ப்பிணிகளிடம் இருக்கும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை ஜீனை வைத்து வகை பிரிக்கிற வேலை. சுருக்கமாக ஜிபிஎஸ். லேபில்தான் திண்டாடுவேன் என்று நினைத்தேன், முதல் திண்டாட்டம் தேவகோட்டையிலேயே ஆரம்பித்தது.

அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் 36, 37 வாரம் ஆனவர்களிடம் நர்ஸ் அக்கா ஸ்வாப் எடுப்பார். பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியில் ஒரு சுற்று, அதே பஞ்சுக்குச்சியை ஆசனவாயில் கொஞ்சம், அவ்வளவுதான். விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. முதல் நாள் நான் "கிருமி" என்று ஆரம்பித்ததும் கூட வந்த மாமியார் மருமகளை ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது. அன்றோடு பேச்சை மாற்றினேன். இது குடலில் சும்மா குடியிருக்கிற பாக்டீரியா, சுத்தக்குறைவால் வருவதில்லை, பால்வினை நோயும் இல்லை, பிரசவத்தில் குழந்தைக்குப் போய்விட்டால்தான் சில நேரம் முதல் வாரத்திலேயே ரத்தத்தொற்று, நிமோனியா, மூளைக்காய்ச்சல் என்று ஆகலாம். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் ஸ்வாப் பேச்சையே எடுப்பேன்.

"எம் பேத்திக்கு இருந்தா என்ன ஆத்தா பண்ணுவீக?"

"வலி வந்ததும் பென்சிலின் ஊசி போடுவாக அப்பத்தா. பிள்ளை பொறக்க நாலு மணி நேரத்துக்கு முந்தியே போட்டுட்டா நல்லது."

ஊசி என்றதும் எல்லாருக்கும் நிம்மதி.

தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து ஸ்வாப்புகளைப் பஸ்ஸில் காரைக்குடிக்குக் கொண்டுவருவேன். மற்ற பாக்டீரியாக்களை அடக்கும் மருந்து கலந்த டாட் ஹெவிட் திரவத்தில் ஒரு ராத்திரி வளர்த்து, மறுநாள் பிளட் அகாரில், அதாவது செம்மறி ரத்தம் கலந்த ஜெல்லி ஊற்றிய தட்டில், கீற வேண்டும். அந்த ரத்தத்தைக் கம்பெனியில் காசு கொடுத்து வாங்குவானேன் என்று கறிக்கடைக்குக் கண்ணாடி மணி போட்ட பாட்டிலோடு போனேன் (உறையாமல் இருக்க அதைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்). "பொரியலுக்கா தங்கச்சி, எதுக்கு இந்தக் குலுக்கு?" என்றார் கடை பாய். அந்த ரத்தத்தில் ஊற்றிய தட்டு அத்தனையிலும் கண்ட கண்ட பாக்டீரியாவும் முளைத்துக் கிடந்தது. கைடு திட்டியதில் நியாயம் உண்டு. அப்புறம் கம்பெனியில்தான் வாங்கினேன்.

தட்டில் வளர்ந்தது ஜிபிஎஸ்தானா என்று கேம்ப் டெஸ்டில் பார்க்கலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவைத் தட்டில் ஒரு கோடாகக் கீறி, அதன் பக்கத்தில் இதைக் கீறினால், ரத்தம் கரைந்து அம்புமுனை மாதிரி ஒரு தெளிவு விழும், அழகாக இருக்கும். பாசிட்டிவ் என்றால் உடனே டாக்டருக்குத் தகவல் போய்விடும். வகை பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு ஆற அமர.

இந்த பாக்டீரியா ஒரு சர்க்கரைப் போர்வை போர்த்தியிருக்கும். போர்வையை வைத்து 1ஏ, 1பி, 2 முதல் 9 வரை என்று மொத்தம் 10 வகை. அந்தப் போர்வையை நெய்கிற ஜீன்களைத்தான் பிசிஆரில், அதாவது டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் பல மடங்கு நகலெடுக்கிற முறையில், பிடிக்கிறோம். நகல் வந்திருந்தால் ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது கோடாகத் தெரியும். ஆனால் என் முதல் ஜெல்லில் ஒரு கோடுகூட இல்லை, இரண்டாவதிலும் இல்லை. நகலைத் தொடங்கிவைக்கிற ப்ரைமர் மேல் சந்தேகம், மெஷின் மேல் சந்தேகம், கடைசியில் என் மேலேயே சந்தேகம். விஷயம் என்னவென்றால், ஜிபிஎஸ் மாதிரி கிராம் பாசிட்டிவ் இனத்து பாக்டீரியாவின் சுவர் தடிமன். மெல்லிய சுவருள்ள ஈ.கோலை பாக்டீரியாவுக்குச் செய்கிற மாதிரி கொதிக்க வைத்தால் மட்டும் டிஎன்ஏ சரியாக வெளியே வராது. சீனியர் அக்கா சொன்னபடி சுவரை அரிக்கிற லைசோசைம் என்சைமில் முதலில் ஊறவைத்தேன். மூன்றாவது ஜெல்லில் கோடுகள் பளிச்சென்று வந்தன.

அதில் ஒன்று வகை 3. கைக்குழந்தைகளின் மூளைக்காய்ச்சலில் அதிகம் அடிபடுகிற வகை. எந்த வகையானாலும் அம்மாவுக்கு அதே பென்சிலின்தான், இந்தக் கணக்கெல்லாம் தடுப்பூசி செய்கிறவர்களுக்குத்தான் உதவும், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பிரசவ நேர ஊசி முதல் வாரத் தொற்றைத்தான் தடுக்கும், அதற்குப் பிறகு மூன்று மாதம் வரை வருவதைத் தடுக்காது. அந்த ஸ்வாப்பின் நம்பரைச் சொல்லி, குழந்தை எப்படி இருக்கிறது என்று நர்ஸ் அக்காவிடம் வாராவாரம் விசாரித்தேன்.

"நல்லாத்தேன் இருக்கு. இன்னொரு தடவ கேட்டே, பிள்ளையத் தூக்கியாந்து உன் மடியில போட்ருவேன்" என்றார்.