பளு இழுக்கும் பிக்கப்புக்கு டயர் பார்ப்பது

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500எச்டி மாதிரி வண்டிகளுக்கு வீல் மாற்ற வருகிறவர்கள் முதலில் கேட்பது, "20 அங்குல ரிம்மில் 35 அங்குல டயர் ஏறுமா?" பின் ஆக்சிலில் எவ்வளவு எடை உட்காரப்போகிறது என்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் தொட்டிக்குள், பின் ஆக்சிலுக்கு மேல் மாட்டுவது) இழுப்பவரை எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் 20 முதல் 25 சதவீதம் வண்டியின் மேல் இறங்கும். குறைந்தபட்சக் கணக்கே 2,800 பவுண்டு. காலி வண்டியிலேயே பின் ஆக்சில் சுமார் 3,000 சுமக்கிறது. ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு), டூல் பெட்டி, பின்சீட்டு ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் 6,200 ஆகிவிடும், டயருக்கு 3,100. ஊகம் வேண்டாம், டிரெய்லரை மாட்டியபடி டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

கம்பெனி போட்டுத் தரும் எல்டி275/70ஆர்18 (கடைசி எண் ரிம்மின் அங்குலம்), லோடு ரேஞ்ச் ஈ (டயர் எவ்வளவு உறுதி என்ற வகை), இன்டெக்ஸ் 125 (தாங்கும் எடைக்கான குறியீட்டு எண்). 80 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஒரு டயர் 3,640 பவுண்டு தாங்கும். அதைக் கழற்றிவிட்டு 35x12.50ஆர்20 போடுகிறார்கள். இதிலும் 'ஈ' என்றுதான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் இன்டெக்ஸ் 121, 65 பிஎஸ்ஐயில் 3,195 பவுண்டு. டயர் பெரிதானது, தாங்குதிறன் ஆக்சிலுக்கு 890 பவுண்டு குறைந்தது. மிச்சம் டயருக்கு 95 பவுண்டு. சரக்கு ஒரு பக்கம் கூடுதலாக ஏறினாலே அது காலி. 35 தான் வேண்டும் என்றால் அதே அளவில் லோடு ரேஞ்ச் எஃப், இன்டெக்ஸ் 125 கிடைக்கிறது. 20 அங்குலத்தில் குறை ஒன்றுமில்லை. எல்டி275/65ஆர்20 இன்டெக்ஸ் 126, அதாவது 3,750 பவுண்டு. இருந்தாலும் குண்டும் குழியுமான வேலைத்தளத்துக்குப் போகிற வண்டி என்றால் 18 போதும் என்பதே என் கட்சி. ரிம் அடிபடாது, டயர் விலையும் குறைவு.

'10 ப்ளை' (பத்து அடுக்கு, லோடு ரேஞ்ச் ஈயைத்தான் இப்படியும் சொல்வார்கள்) என்றதும் தைரியம் வந்து, குலுங்காமல் போகட்டும் என்று 50 பிஎஸ்ஐயில் ஓட்டுகிறவர்கள் உண்டு. எல்டி245/75ஆர்16 டயரில் லோடு ரேஞ்ச் சி 50 பிஎஸ்ஐயில் 2,205 பவுண்டு தாங்கும். அதே அளவில் ஈ போட்டாலும் 50 பிஎஸ்ஐயில் அதே 2,205 தான். 3,042 வேண்டுமென்றால் 80 அடித்தாக வேண்டும். எடையைத் தாங்குவது காற்று. ப்ளை அந்தக் காற்றை அடக்கி வைக்கிறது, அவ்வளவே. காற்று குறைந்த டயரில் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் ட்ரெட் உரிந்து வரும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று காற்றை இறக்கவும் கூடாது. அளப்பது டயர் ஆறியிருக்கும்போது.

டயரோடு கதை முடியவில்லை. ரிம்மின் உள்பக்கம் அதன் தாங்குதிறன் பொறித்திருக்கும். அங்கே 2,500 என்று இருந்தால், மேலே 3,640 டயர் போட்டும் பயனில்லை. வால்வையும் பாருங்கள். சாதாரண ரப்பர் டிஆர்413 வால்வுக்கு 65 பிஎஸ்ஐதான் உச்சம். 80 அடிக்கிற வீலுக்கு டிஆர்600எச்பி அல்லது திருகி இறுக்கும் உலோக வால்வு.

எட்டு நட்டு என்பதற்காக வீல்கள் ஒன்றுக்கொன்று மாறாது. பின்பக்கம் ஒற்றை வீல் உள்ள வண்டிகளில் ஃபோர்டு 8x170 மிமீ (எட்டு நட்டு, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 170), 2011 முதல் ஜிஎம் 8x180, ராம் 8x165.1. நட்டு இறுக்கம் ஃபோர்டுக்கு 165 அடி-பவுண்டு, ஜிஎம்முக்கு 140. புது ரிம்மில் நட்டு உட்காரும் குழியில் பெயின்ட் தடிப்பாக இருந்தால் ஓட ஓட நசுங்கி நட்டு தளரும். அதனால் 50 முதல் 100 மைலுக்குள் டார்க் ரென்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும்.

37 அங்குலத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 34 அங்குல டயரோடு வந்த 3.73 ஆக்சில் கியர் (வீல் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ்ஷாஃப்ட் 3.73 சுற்று), 37 போட்டதும் 3.43 போலத்தான் இழுக்கும். மலையேற்றத்தில் கியர்பாக்ஸ் சூடாகும்.

கடைசியில் எல்லோரும் மறப்பது ஸ்டெப்னி. அடியில் தொங்குவது பழைய அளவிலேயே இருக்கும். அதைப் பின்னால் மாட்டினால் டிஃபரன்ஷியல் (இரு பக்க வீலும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) சுழன்றுகொண்டே இருக்கும், அதோடு காய்ந்த சாலையில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து அடிபடும். ஐந்தாவதையும் அதே அளவில் வாங்கச் சொல்லுங்கள். அடியில் இடம் போதவில்லை என்றால் தொட்டியில் கட்டிக்கொள்ளட்டும்.