சந்தனக் கலரைத் தரை கெடுத்த கதை

மாசி முழுக்க ஒரே அறையோடு மல்லுக்கட்டி, நேற்று ராத்திரிதான் கலரை முடிவு செய்தேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாத்தா கட்டிய வீடு, கூடத்தை ஒட்டிய கிழக்கு அறை. சுரண்டியது, பட்டி பார்த்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடுதான், விடுங்கள்.

போட்டி இரண்டே கலருக்கு: வெளிர் சந்தனம், சாம்பல் கலந்த இளம்பச்சை. சின்ன டப்பா கிடையாது என்று கடையில் ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தலையில் கட்டிவிட்டார்கள். முதலில் இரண்டையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் அடித்துப் பார்த்தேன், மகா தப்பு. பச்சை பக்கத்தில் இருந்தால் சந்தனம் ரோஸாகத்தான் தெரியும். அப்புறம் முழு சார்ட் பேப்பரில் ஓரத்தில் ஒரு அங்குலம் வெள்ளை விட்டு இரண்டு கோட் அடித்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டு (எமல்ஷன் பெயிண்ட் ஈரத்தில் வெளுப்பாகத்தான் இருக்கும், காய்ந்ததும் ஒரு படி அழுத்தமாகும்), அறை முழுக்க இடம் மாற்றி மாற்றி ஒட்டினேன்.

அங்கேதான் வினை. கதவு நிலையின் மேல்சட்ட உயரத்தில் வெண்ணெய் மாதிரி இருந்த அதே சந்தனம், முழங்கால் உயரத்தில் பப்பாளிச் சதை மாதிரி ஆகிவிட்டது. காலை எட்டு மணி வெயில் சிவப்பு சிமெண்ட் தரையில் பட்டு அப்படியே சுவரில் ஏறுகிறது. பச்சையிலும் அந்தச் சிவப்பு ஏறத்தான் செய்தது, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தின்று அமைதியான சாம்பலாக நின்றது. தரையைப் பெயர்க்கவா முடியும்? சந்தனம் அவுட்.

ராத்திரி டியூப்லைட்டைப் போட்டதும் அம்மா, "ஏண்டா, ஆஸ்பத்திரி வார்டு மாதிரில்ல இருக்கு" என்றார். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் பச்சையைச் சாகடித்துவிட்டது. 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்ச பல்பு மாட்டியதும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

வாய்க்கால் பக்கத்துச் சுவரில் மட்டும் அடியில் இரண்டடிக்கு ஓதம், உப்புப் பூக்கிறது. அங்கே எமல்ஷன் அடித்தால் அடுத்த ஐப்பசிக்குள் அப்பளமாக உரிந்துவிடும், சுண்ணாம்போடு விட்டுவிட்டேன். மீதிச் சுவருக்கு ஒரு கோட் ஆகிவிட்டது, இரண்டாவது கோட் சனிக்கிழமை. அதற்குள் கை சும்மா இருக்காமல், மிஞ்சின சந்தனத்தைக் கொல்லைப்பக்கத்து அலமாரிக்குள் அடித்தாயிற்று. திண்ணைத் தூண்களையும் அளந்து வைத்திருக்கிறேன்.