இலையுதிர்ந்த பிறகே எல்லை தெரிந்தது: ரப்பர் தடி விற்ற அனுபவம்

எங்கள் ரப்பர் தோட்டம் கேரளத்தில், ஆரியங்காவுக்குக் கீழே, கழுதுருட்டிப் பக்கம். மொத்தம் மூன்று ஏக்கர். மேல் எல்லையில் காட்டிலாகாவின் ஜண்டா நிற்கிறது. கல்லை அடுக்கிக் கட்டிய இடுப்பளவுக் குவியல். அதற்கு அந்தப் பக்கம் ரிசர்வ் காடு. அப்பா இருந்தவரை ஒரு சுள்ளி பொறுக்கக்கூட ஜண்டாவைத் தாண்ட விட்டதில்லை.

மேல் பக்கம் ஒன்றேமுக்கால் ஏக்கரில் 1997-ல் வைத்த மரங்கள், ஏறக்குறைய 260. பால் குறைந்து, பாதி மரங்களில் பட்டை மரத்துப் போய், மரத்தை எடுக்கும் முன் கடைசியாகப் பால் முழுவதையும் எடுக்கிற கடும்வெட்டும் முடிந்துவிட்டது. அடுத்தது தடிக்குக் கொடுப்பதுதான். இந்தப் பக்கம் அறுக்கிற மரத்தைத் தடி என்றுதான் சொல்வோம். வழக்கமாக வரும் தடிக்காரர் ஒரு விலை சொன்னார். ஐரோப்பாவுக்கு மேசை, நாற்காலிப் பாகங்கள் அனுப்பும் ஒரு கம்பெனி டன்னுக்கு 400 ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னது. ஆனால் தோட்டத்தின் வரைபடமும், காட்டை அழித்து வைத்த தோட்டம் இல்லை என்பதற்கு ஆதாரமும் வேண்டும் என்றார்கள். நாம் காட்டைத் தொட்டதே இல்லையே, இதில் என்ன இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். வேலை முடிய ஐந்து மாதம் ஆனது.

ஐரோப்பிய யூனியன் 2023-ல் காடழிப்பைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. மரம், ரப்பர், காப்பி, கோகோ, பாமாயில், சோயா, மாடு ஆகிய ஏழும், இவற்றிலிருந்து செய்யும் பல பொருட்களும் அதில் அடக்கம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்திலிருந்து வந்த பொருளை அங்கே விற்க முடியாது. விளைந்த நாட்டின் சட்டப்படியும் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். எந்த நிலத்தில் விளைந்தது என்பதை அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். 2024 டிசம்பர் 30-க்கு அமலாக வேண்டியது ஒரு வருடம் தள்ளிப்போய், மறுபடியும் தள்ளிப்போய், இப்போது பெரிய, நடுத்தரக் கம்பெனிகளுக்கு 2026 டிசம்பர் 30 என்று நிற்கிறது. இந்தியாவை ஆபத்து குறைந்த நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதனால் வாங்குகிறவர்களுக்குச் சோதனை கொஞ்சம் குறைவு. ஆனாலும் நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டியே ஆக வேண்டும்.

இதையெல்லாம் மரம் நிற்கும்போதே முடித்தாக வேண்டும். ரப்பர் தடியை வெட்டிப் போட்டுவிட்டுக் காகிதத்துக்குக் காத்திருக்க முடியாது. சில நாட்களுக்குள் அறுத்து, போரான் மருந்து ஏற்றி உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். அப்புறம் அது விறகு விலைக்குத்தான் போகும்.

நிலத்தின் காகிதங்கள் பெரிய சிரமம் தரவில்லை. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா என்பது போல இங்கே ஆதாரம் (கிரயப் பத்திரம்), கரம் ரசீது (நிலவரி ரசீது), தண்டப்பேர் (வருவாய்க் கணக்குப் பதிவு). அப்பா பெயரிலிருந்து அம்மா பெயருக்குப் போக்குவரவு, அதாவது பெயர் மாற்றம், முன்பே முடிந்திருந்தது. தோட்டத்து ஓரத்தில் நிற்கும் ஒரு ஈட்டி மரத்தை மட்டும், இதை வெட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதச் சொன்னேன். வயநாட்டு முட்டிலில் பட்டய நிலத்து ஈட்டி மரங்களை வெட்டியது 2021-ல் எவ்வளவு பெரிய வழக்கானது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வரைபடம்தான் இழுத்தடித்தது. போன வருடம் செப்டம்பரில், விட்டுவிட்டு மழை. ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்துத் தம்பி ஒருவர் போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு எல்லை முழுக்க என்னோடு நடந்தார். கால் முழுக்க அட்டை. ஒவ்வொரு மூலையிலும் நின்று ஒரு புள்ளி, மொத்தம் பதினொன்று. அன்று சாயங்காலமே கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம்.

நான்கு நாள் கழித்து அங்கிருந்து ஒரு பெண் பேசினார். "மேடம், ரெண்டு இடத்துல சிவப்பு காட்டுது. ஒரு மூலை ரிசர்வ் காட்டுக்குள்ள இருக்கு. கீழ் பகுதியில 2022-ல காடு அழிஞ்சிருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "யார் அழிச்சா? உங்கப்பாவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

கீழ்ப் பக்கம் ஒன்றேகால் ஏக்கரில் 1992-ல் வைத்த மரங்கள் இருந்தன. 2022-ல் அவற்றை வெட்டிவிட்டு, ஜூனில் ஆர்ஆர்ஐஐ 430 ரக ரப்பர் கன்று வைத்தோம். பழைய ரப்பரை எடுத்துப் புது ரப்பர் வைப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். ஆனால் மேலிருந்து படமெடுக்கும் செயற்கைக்கோளுக்கு முப்பது வருட ரப்பர் அடர்ந்த மரக்கூட்டமாகத் தெரிகிறது. அடுத்த வருடப் படத்தில் அங்கே மண். உடனே கணினி அதைக் காடழிப்பு என்று குறித்துவிடுகிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மகனை உட்கார வைத்துப் படித்துப் பார்த்தோம். காடு என்றால் எது என்று சொல்லும் இடத்தில், ரப்பர் போன்ற விவசாயத் தோட்டங்கள் காட்டுக் கணக்கில் வராது என்று தெளிவாக இருக்கிறது. தோட்டத்தை வெட்டித் திரும்பத் தோட்டமே வைத்தால் அது காடழிப்பு ஆகாது. கம்பெனிக்காரர்களும் இதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 2020-க்கு முன்பே அது ரப்பர்தான், காடு இல்லை என்பதைக் காட்டுங்கள் என்றார்கள்.

கன்று வாங்கிய நர்சரி பில் கிடைத்தது. பழைய தடிக்காரர் எழுதித் தந்த துண்டுச் சீட்டும் இருந்தது. சீல் இல்லை என்று அதை ஏற்கவில்லை. பால் விற்ற பழைய சிட்டைகளை அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டி வைத்திருந்தார். பாதி எழுத்து அழிந்துபோயிருந்தது.

கடைசியில் உதவியது கூகுள் எர்த்தில் இருந்த பழைய படங்கள். மகன் ஒவ்வொரு வருடமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான். மழைக்காலத்துப் படங்களில் தோட்டமும் காடும் ஒரே பச்சை. எனக்கே எல்லை தெரியவில்லை. பிறகு ஒரு பிப்ரவரி மாதப் படம் வந்தது. எங்கள் மூன்று ஏக்கர் மட்டும் வெளிறிப் பழுப்பாக, மலைச்சரிவில் பிளாட்பாரம் வெட்டி வைத்த வரிசைகள் சீப்புப் பல் மாதிரி ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஜண்டாவுக்கு அந்தப் பக்கம் அதே நாளில் கரும்பச்சை. ரப்பர் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் இலையைக் கொட்டிவிடும். எங்களுக்குப் பின்னால் இருக்கும் பசுமை மாறாக் காடு அப்படி மொத்தமாகக் கொட்டாது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலை வைத்து, "இது கிணறு, இது நம்ம ஷீட் அடிக்கிற ஷெட்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் படத்தையும் நர்சரி பில்லையும் சேர்த்து அனுப்பினோம்.

மிச்சமிருந்தது காட்டுக்குள் போன மூலை. நாலு ஹெக்டேருக்குள், அதாவது பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. இதைச் சொல்லிப் பார்த்தேன். காட்டை ஒட்டிய இடம், முழு எல்லையும் வேண்டும் என்றார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. யோசித்தால் அவர்கள் கேட்டது நியாயம்தான். என் தோட்டத்து நடுவில் ஒரு புள்ளி வைத்தால், காட்டுக்குள் பத்து மரம் வெட்டினாலும் அது மறைந்துவிடும்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. ஆறாவது இலக்கம் என்பது தரையில் அரைச் சாண் தூரம். ஆனால் அடர்ந்த இலைக்குக் கீழே, மழை மேகத்தில், மலைச்சரிவில் நிற்கும் போன் பத்துப் பதினைந்து மீட்டர் தப்பாகச் சொல்கிறது. எங்கள் மூலை காட்டுக்குள் போனது அப்படித்தான். சங்கத்துத் தம்பியே வழியும் சொன்னார்: "அக்கா, ஆகாசம் தெரியணும். இல உதிரட்டும், அப்ப நடப்போம்."

ஜனவரி கடைசியில் நடந்தோம். காலடியில் முழங்காலுக்குச் சருகு, மேலே வெறும் கொம்பு, வெயில் நேராகத் தரையில். அம்மாவும் வந்தார். பிரச்சினை செய்த மூலையில் ஜண்டா சரிந்து, பெரணி மூடிக் கிடந்தது. செப்டம்பரில் நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை, உத்தேசமாக நின்றிருக்கிறோம். அம்மா கம்பால் பெரணியை விலக்கிக் கல்லைக் காட்டினார். அங்கே ஐந்து நிமிடம் அசையாமல் நின்று, போன் காட்டும் துல்லியம் மூன்று மீட்டருக்கு வந்த பிறகு புள்ளி எடுத்தோம். இந்த முறை மேல் பக்கத்தையும் கீழ் பக்கத்தையும் இரண்டு தனி நிலமாக வரைந்தோம். தடி வெட்டுவது மேல் பக்கத்தில் மட்டும்தான். 2022 விவகாரத்தை அதோடு சேர்க்க வேண்டியதே இல்லை. முதலிலேயே யாராவது இதைச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

ஒரு தடவை திரும்பி வந்தது. எக்செல்லில் ஏற்றும்போது கடைசியில் இருந்த பூஜ்யத்தை அது தானாக நீக்கிவிட, இரண்டு எண்களில் ஐந்து இலக்கம்தான் இருந்தது. அந்தக் கட்டங்களை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பூஜ்யத்தைச் சேர்த்து அனுப்பியதும் சரியாகிவிட்டது.

பிப்ரவரி மூன்றாம் வாரம் வெட்டினார்கள். பருத்த தடி ஆறு லோடு கம்பெனிக்கு, ஒவ்வொரு சீட்டிலும் நிலத்தின் எண்ணும் வெட்டிய தேதியும் எழுதி. மெலிந்ததும் கொம்பும் பெரும்பாவூர் பிளைவுட்டுக்குப் போனது. ஈட்டி நிற்கிறது. ஜண்டாவிலிருந்து முதல் குழி எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்று அம்மாவே கயிறு பிடித்து அளந்தார். ஜூனில் வரும் இடவப்பாதி மழைக்குக் கன்று வைக்க வேண்டும். வெட்டி முடித்த அன்று ஒவ்வொரு மூலையிலும் நின்று தேதியும் இடமும் பதியும்படி போட்டோ எடுத்தேன். அதையும் கரம் ரசீதையும் புது நர்சரி பில்லையும் ஒரே உறையில் போட்டு, ஆதாரம் இருக்கும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.