அப்படியே என் அப்பா

மகள் ஏதோ யோசனையில் உட்கார்ந்திருந்தாள். இடது கை பின்னந்தலையில், கட்டைவிரல் காதுமடலைத் தடவிக்கொண்டே இருக்கிறது.

அப்படியே என் அப்பா!

இவள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர். அவர் அப்படி உட்கார்ந்திருக்கும் படம்கூட வீட்டில் இல்லை.

உங்களைப் பார்த்துத்தான் பழகியிருப்பாள் என்கிறாள் மனைவி. இருக்கலாம். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் டயஸ், ரெஸ்லர் என்ற இருவர் ஆண் சுண்டெலிகளுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே லேசாக ஷாக் கொடுத்தார்கள். அந்த வாசனையை அதுவரை முகர்ந்தே அறியாத குட்டிகளும் பேரக்குட்டிகளும் அதற்குத் திடுக்கிட்டன. 2013இல் வெளிவந்த ஆய்வு. சந்தேகப்படும் விஞ்ஞானிகளும் உண்டு. மனிதர்களிடம் இப்படி எதுவும் நிரூபணமாகவில்லை.

தாத்தா எலி பட்ட வலி பேரனுக்கு ஞாபகம் இருக்காது. அந்த வாசனை வந்தால் உடம்பு உஷாராகும், அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

பிடித்தது பிடிக்காதது விஷயத்தில் இவ்வளவு சந்தேகம் இல்லை. சில கசப்புகள் ஒருவருக்குக் குமட்டும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. பெரும்பாலும் ஒரே ஒரு மரபணு செய்யும் வேலை அது.