ஓடத் தெரியும், விடத்தான் இடம் வேணும்

"உங்களுக்குச் சைக்கிள் ஓடப் பழக்குவதற்கு ஒரு வகுப்பு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை." நெதர்லாந்துக்கு வந்த புதிதில், புதிதாய்க் குடியேறுபவர்களின் அலுவல் பார்க்கும் ஒரு கந்தோரில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இப்படிச் சொல்லி ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். அதன் படத்தில் ஒரு அம்மா பயத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டு சைக்கிளில் இருக்கிறார், பின்னால் ஒரு பெடியன் சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளையைப் பார்த்து இந்தக் கதை. பதில் சொல்லப் பாஷை தெரியாதபடியால் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். குளிருக்கும், நாலு மணிக்கே கவியும் இருட்டுக்கும், ஊசி ஊசியாய்க் குத்தும் மழைக்கும் வராத எரிச்சல் அன்றைக்கு வந்தது.

1990 இல் பொருளாதாரத் தடை போட்டபின் குடாநாட்டில் பெற்றோல் கிடையாது. தப்பியிருந்த மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு போகும். மற்றதெல்லாம் சைக்கிள்தான். பள்ளிக்கூடம், ரியூசன், கலியாண வீடு, செத்த வீடு, ஆஸ்பத்திரி, விறகுக் கட்டு, தண்ணிக் கான், பாரில் தங்கச்சி, கரியரில் அம்மா. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. பின்னேரங்களில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவில் ரேடியோவைக் கொளுவி, நான் ஏறியிருந்து உழக்க அப்பா பிபிசி தமிழோசை கேட்பார். சரியாக எங்கள் ஊர்ப் பெயர் வருகிற இடத்தில் எனக்குக் கால் உளையும், செய்தி வாசிப்பவரின் குரல் தேயும். "உழக்கு பிள்ளை, உழக்கு!" என்று அப்பா பதறுவார். ஓரடி நகராமலே அவ்வளவு உழக்கிய எனக்கு வகுப்பாம்.

ஒல்லாந்தர் 1658 தொடக்கம் 1795 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள். கோட்டையைத் திருத்திக் கட்டினார்கள், சட்டம் தொகுத்தார்கள். சைக்கிளை மட்டும் கொண்டுவரவில்லை. அது அப்போது உலகத்திலேயே இல்லை. ஆகவே இந்த ஒரு விஷயத்திலாவது நாங்கள் அவர்களுக்குக் கடன்காரர் இல்லை என்று வீட்டில் வந்து கணவரிடம் கத்தினேன். அவர் பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தாமல், "முதல்ல ஒரு சைக்கிளை வாங்கிக் கொண்டுபோய் ஸ்ரேசனில விட்டுப்போட்டு வாரும், பிறகு கதைப்பம்" என்றார்.

அவர் சொன்னதன் அர்த்தம் போகப் போகத்தான் விளங்கியது. இந்த நாட்டுக்காரர் எனக்கு வகுப்பு வைக்க வேண்டியது சைக்கிள் ஓடுவதற்கு அல்ல. விடுவதற்கு.

ஊரில் சைக்கிள் விடுவது ஒரு வேலையா? மதிலில் சாத்துவோம், வேப்பமரத்தில் சாத்துவோம். பின்சில்லுப் பூட்டை அமத்தித் திறப்பை உருவினால் சரி. இங்கும் அதே பின்சில்லுப் பூட்டுத்தான், கண்டதும் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. ஆனால் அது பேருக்குத்தானாம். அதோடு கைமொத்தத்தில் ஒரு சங்கிலி வேண்டும், சங்கிலியை அசையாத ஒரு பொருளோடு சேர்த்துப் பூட்டவேண்டும். பழைய சைக்கிள் விற்றவர் சங்கிலியைத் தூக்கி மேசையில் வைத்தார். விலை, சைக்கிளின் விலையை எட்டிப் பிடித்தது. "சைக்கிள் களவு போகலாம், சங்கிலி போகக் கூடாது" என்று அவர் சொன்னதைப் பகிடி என்று நினைத்தேன்.

அந்தச் சைக்கிள் ஒரு கடை வாசலில் இருந்து காணாமல் போனது. கம்பியோடு பூட்டிய சங்கிலியையும் முன்சில்லையும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோயிருந்தான். வேலையிடத்தில் முகம் வாடச் சொன்னேன். ஒருத்தரும் "ஐயோ" என்று சொல்லவில்லை. "இது உங்களுக்கு எத்தனையாவது?" என்றுதான் கேட்டார்கள். முதலாவது என்றதும் ஒருவர் கைகுலுக்கினார். இவர்கள் காப்புறுதிக்காரரிடம் போனால் இரண்டு திறப்பையும் மேசையில் வைக்கவேண்டும், ஒன்று குறைந்தாலும் சந்தேகப்படுவார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது திறப்பு எந்தக் காலத்திலும் கிணற்றுக்குள்தான் கிடக்கும்.

இப்படியான நாட்டில் ஒரு கோடி எண்பது இலட்சம் சனம், இரண்டு கோடிக்கு மேல் சைக்கிள். ரயிலெடுக்க வருகிறவர்களில் பாதிக்குக் கிட்டச் சைக்கிளில்தான் வருகிறார்கள். அதை எங்கே கொண்டுபோய் விடுவது? உட்ரெக்ட் நகரத்தார் ஸ்ரேசனுக்கு முன்னால் நிலத்தைத் தோண்டினார்கள். 2019 ஆகஸ்டில் முழுதாகத் திறந்த அந்த நிலவறையில் மூன்று தளம், 12,500 சைக்கிளுக்கு இடம், உலகத்திலேயே பெரியது. சைக்கிளில் இருந்து இறங்கவே தேவையில்லை, தெருவில் இருந்து சறுக்கிக்கொண்டே உள்ளே போகலாம். எந்த வரிசையில் எத்தனை இடம் காலி என்று பலகையில் எண் மின்னும். முதல் 24 மணித்தியாலம் இலவசம், அதற்கு மேல் போனால் நாளுக்கு ஒரு யூரோவும் கொஞ்சமும். ஒருபக்கம் பழுது பார்க்கும் கடை, இன்னொரு பக்கம் வாடகைச் சைக்கிள். நாள் முழுக்கத் திறப்பு, காவலுக்கு ஆள். ஊரில் எத்தனையோ கந்தோர்களுக்கு இப்படிக் கட்டடம் கிடையாது.

எல்லாம் சரி, அந்த மேல்தட்டு இருக்கிறதே!

ஒவ்வொரு வரிசையும் இரண்டடுக்கு. காலையில் ஏழரைக்குப் பின் போனால் கீழ் அடுக்கு ஒன்றும் மிஞ்சாது. மேலே இருக்கிற தண்டவாளத்தின் பிடியைப் பிடித்து முன்னுக்கு இழுக்கவேண்டும். அது சரிந்து நுனி நிலத்துக்கு வரும். முன்சில்லை அந்தப் பள்ளத்தில் ஏற்றி, பின்பக்கத்தை ஏந்தி வைத்து, பிறகு முழுப் பாரத்தோடும் தள்ளி உயர்த்தவேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங் உதவி செய்யுமாம். இந்த ஊர்ச் சைக்கிள் இரும்பு, இருபது கிலோ வரும். நான் ஐந்தடி. குளிர்ச்சட்டைக்குள் கை பாதிதான் மடங்கும், தோளில் சாப்பாட்டுப் பை. ஒருமாதிரி உயர்த்தினால் என் ஹாண்டில் பக்கத்துச் சைக்கிளின் பிறேக் வயரில் கொளுவிக்கொண்டு நிற்கும். அதைக் கழற்ற மறுபடி கீழே இழுக்கவேண்டும். இந்த நேரம் பார்த்து, ஆறரை அடியில் ஒருவர் ஒரு கையால் கோப்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தன் சைக்கிளை ஏற்றிவிட்டு, "உதவி வேண்டுமா?" என்று கேட்பார். "வேண்டாம், வேண்டாம்" என்பேன். ரயில் போய்விடும்.

கணவருக்கு ஒரு யோசனை வந்தது. முன்னால் பெரிய பெட்டி பூட்டிய சைக்கிளும் பிள்ளைச் சீற் வைத்த சைக்கிளும் அடுக்கில் ஏறாது, அவற்றுக்கென்று தரையில் தனியிடம் இருக்கிறது. மகன் வளர்ந்து தானே ஓடத் தொடங்கிய பிறகும் அவனுடைய சீற்றை நான் இன்னும் கழற்றவில்லை. மீசை அரும்பின பெடியனுக்கு எதுக்கு அந்தச் சீற் என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். சும்மா இருக்கட்டும் என்பேன்.

இப்போது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. வரிசை எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆம்ஸ்டர்டாம் போய் இறங்கினாலும் பிரச்சினை இல்லை. அங்கே 2023 இல் ஸ்ரேசனுக்கு முன்னால் தண்ணீரை இறைத்துவிட்டு, தண்ணீருக்கு அடியிலேயே 7,000 சைக்கிளுக்கு இடம் கட்டியிருக்கிறார்கள், செலவு ஆறு கோடி யூரோவாம். பலர் வேலைசெய்யும் ஊர் ஸ்ரேசனிலும் ஒரு பழைய சைக்கிள் வைத்திருப்பார்கள். வீட்டில் இருந்து ஒன்று, இறங்கி ஒன்று. எனக்கும் ஒன்று அங்கே இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் தண்ணிக்கு அடியில் எனக்கொரு சைக்கிள் நிற்குது என்று தங்கச்சிக்குப் போனில் சொன்னபோது, மூன்றாம் மாடியில் வீடு வாங்கின தோரணை என் குரலில் வந்ததாக அவள் சொன்னாள்.

உட்ரெக்ட் நிலவறையில் 28 நாளுக்கு மேல் எடுக்காமல் விட்டால் சைக்கிளைக் கொண்டுபோய்விடுவார்கள். வரிசைகளில் அப்படிச் சில நிற்கும், சீற்றில் தூசி, ரயரில் காற்று இல்லை. படிப்பு முடிந்து நாடு திரும்பின மாணவர்களுடையதாக இருக்கும், வேறென்ன. ஆனால் கண்டால் ஒருகணம் நிற்கத்தான் செய்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது எங்கள் றலிச் சைக்கிளை ஒருத்தரும் ஓடவில்லை. ஓட இடமில்லை, சாத்த மதில் இல்லை. அரிசிப் பை, பானை, அம்மம்மாவின் தலையணை எல்லாம் அதில். விடிய விடிய அப்பா ஹாண்டிலில் இருந்து கையை எடுக்கவில்லை. சாவகச்சேரிப் பக்கம் ஒரு வளவுக்காரர், "உதில விடுங்கோ மாஸ்டர், ஆரும் எடுக்க மாட்டினம்" என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

சரி, அதை விடுவோம். நல்லூருக்கு வருவோம்.

நல்லூரில் 25 நாள் திருவிழா. கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவார்கள், பருத்தித்துறை வீதிப் பக்கமும் மற்றப் பக்கங்களும் வளவுகள் எல்லாம் துவிச்சக்கரவண்டி பாதுகாப்பு நிலையமாகிவிடும். பலகையில் அப்படி எழுதியிருக்கும், சொல்வது சைக்கிள் பார்க். தென்னைமரத்துக்குத் தென்னைமரம் கயிறு கட்டி, வாசலில் ஒரு வாங்கு போட்டு இரண்டு பெடியள் இருப்பார்கள். மட்டையில் எண் எழுதி இரண்டாய்க் கிழித்து, ஒன்றை ஹாண்டிலில் கொளுவி மற்றதைக் கையில் தருவார்கள். துண்டை அம்மா மணிப்பேர்சில் வைத்து, பேர்சை இடுப்பில் செருகி, செருகியதை நாலு தரம் தடவிப் பார்ப்பா. அப்படியிருந்தும் ஒரு தேரன்று அது துலைந்துபோனது. திரும்பி வந்து தயங்கிக்கொண்டு நிற்க, வாங்கில் இருந்த பெடியன் எண்ணைக் கேட்கவேயில்லை. "கணக்கு மாஸ்டரின்ரை றலிதானே அக்கா, கிணத்தடியில நிக்குது" என்று சொல்லிவிட்டு, இடையில் நின்ற சைக்கிள்களை ஒவ்வொன்றாய்த் தலைக்கு மேலே தூக்கி வைத்து வழி எடுத்தான். ஒன்றைத் தட்டியதில் ஒரு வரிசை முழுக்கச் சாய்ந்தது. அடுத்தநாள் எல்லாச் சைக்கிளிலும் யாரோ ஒருவருடைய ஹாண்டில் கீறல் இருந்திருக்கும். ஒருத்தரும் முறைப்பாடு எழுதியதாய்க் கேள்விப்படவில்லை.

போன கோடையில் அம்மா வந்து நின்றா. காற்றாலை, துலிப் தோட்டம் என்று ஊர் சுற்றிக் காட்டியாகிவிட்டது, ஒன்றும் அவவை அசைக்கவில்லை. கடைசியில் உட்ரெக்ட் நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வரிசை வரிசையாய்ப் பார்த்தா. மேல்தட்டைப் பார்த்தா. ஒரு பெட்டை தண்டவாளத்தை இழுத்து ஏற்றுவதை வாய் பார்த்துக்கொண்டு நின்றா. நல்லாய்த்தான் இருக்கு என்றா. பிறகு கேட்டா:

"துண்டு ஆர் தாறது?"

"துண்டு இல்லையம்மா. ரயில் அட்டையைக் காட்டினால் அதுவே பதிஞ்சுபோடும்."

"அட்டை துலைஞ்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சீருடையோடு நின்ற காவலாளியிடம் கேட்டேன். சைக்கிள் பிறேமில் இருக்கிற எண்ணும் திறப்பும் அடையாளமும் இருந்தால் பார்க்கலாம் என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாஸ்டரை இவருக்குத் தெரியாதுதானே" என்றா. அப்பா போய் வருஷங்கள் ஆகிவிட்டன.

வெளியில் வந்து ஸ்ரேசன் முன்றலில் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். எத்தனை சைக்கிள் என்று சொன்னாய் என்று திரும்பக் கேட்டா. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன், உலகத்திலேயே பெரியது என்றும் சேர்த்துச் சொன்னேன், நான் கட்டின மாதிரி.

கொஞ்ச நேரம் மனதுக்குள் கணக்குப் பார்த்தா.

"தேருக்குக் காணாது," என்றா.